தலைகீழ் அந்தி

ஹபீபுல்லா யாருடைய அந்தியையும் முதலில் தலைகீழாகத்தான் பார்ப்பார். கொண்டுவந்தவர் எவ்வளவு ஆசையாகப் படத்தை நிறுத்தினாலும், "கொஞ்சம் இருங்க" என்று வாங்கிக் கவிழ்த்து வைத்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். நேராகப் பார்த்தால் மனசு சூரியனிடம் மயங்கிவிடுமாம். கவிழ்த்தால்தான் கோணல் தெரியுமாம். முப்பது வருடம் எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்து விலா எலும்பில் விரிசல் தேடிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண் சும்மா இருக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தையல்கடை மாடியில் ஞாயிறு காலைகளில், பழைய சாயங்காலங்களை ஒட்டிச் சரிசெய்து படமாக்கும் அந்தித் திருத்துநர்கள் கூடுவார்கள். ஏழெட்டுப் பேர், முந்திரி பக்கோடா, தேநீர். அதன் பிறகு ஒருவர் வேலையை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டுவது. மேகங்களில் நிறத்தைக் கொட்டியிருந்தால், "இது அந்தியா, கேசரியா?" என்பார் ஹபீபுல்லா. பனைமரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால், "மரத்துக்கு எதுக்குங்க சாமி படத்து ஒளிவட்டம்?" என்பார். இப்படி ஒரு கேள்வியில் மனம் நொந்த ஒருவர் தொழிலையே விட்டுவிட்டு மீன்குழம்புக் கடை போட்டார், கடை நன்றாக ஓடுகிறது என்று பேச்சு.

அவரிடம் அடி வாங்காத ஒரே ஆள் அமலோற்பவம். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல இந்தக் காலத்தில் யாருக்கும் மூச்சு இல்லாததால் அமலா. ஐம்பத்திரண்டு வயது. ஒட்டு தெரியாமல் ஒட்டுவாள் என்று மாவட்டம் முழுக்கப் பெயர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கொண்டுபோனது வீராணம் ஏரியில் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம். அதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. மூன்று பேர் நினைவில் இருந்து எடுத்தது.

அந்த மூன்று பேரில் இருவர் பத்து நாள் முன்பு அவள் வேலைக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். அண்ணன் இளம்பரிதி, காட்டுமன்னார்கோயிலில் மோட்டார் காயில் கட்டுகிறவர், விரல் நுனிகளில் வார்னிஷ் கறை. தங்கை செவ்வந்தி, சிதம்பரத்தில் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். நடுவில் பிறந்த ஓவியா கோலாலம்பூரில் இருந்தாள். அவள் நினைவுப் படத்தை அங்கேயே எடுத்து அனுப்பிவிட்டாள்.

"மூணு பேரோடது எதுக்குங்க? எனக்கு எல்லாமே நல்லா ஞாபகம் இருக்கு. என்னோடத மட்டும் எடுத்தா ஆவாதா?" என்று கேட்டாள் செவ்வந்தி. நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் நினைவைப் படமெடுக்கும் வலைத்தொப்பி மாட்டியாகிவிட்டது.

"ஆவாதும்மா. ஒருத்தர் நினைவுல முழு வெளிச்சமும் பிடிக்காது" என்றாள் அமலா. "ஒரு சாயங்காலத்தை சந்தோஷமா நினைச்சுக்கிட்டே இருந்தவங்களுக்கு அது வெளுத்துப் போயிடும். சூரியன் இருந்த இடத்துல ஒரு வெள்ளை ஓட்டைதான் மிஞ்சும். வருத்தத்தோட நினைக்கிறவங்களுக்கு எல்லாம் இருட்டா இருக்கும், ஆனா வானத்து நிறம் ஒண்ணுகூட கெடாம இருக்கும். ரெண்டும் இல்லாம சும்மா ஞாபகம் வெச்சிருக்கவங்க ஒருத்தர் வேணும், நடுவுல. மூணையும் ஒண்ணா ஒட்டினாத்தான் கண்ணால பார்த்த மாதிரி வரும்."

"ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தர் பார்க்காம இருந்தா?"

அமலா பதில் சொல்வதற்குள் இளம்பரிதி முந்திக்கொண்டார். "ரெண்டு பேர் படத்துல இருந்தாத்தான் நிக்கும். ஒருத்தர் படத்துல மட்டும் இருந்தா எடுத்துடுவாங்க. வாசல்ல போர்டுலயே போட்டிருக்கு."

போட்டிருந்தது. இரண்டுக்கு ஒன்று என்பது சட்டம். ஒரே ஒரு நினைவில் மட்டும் வரும் உருவத்துக்குத் தொழிலில் பேய் என்று பெயர். படம் ஒட்டும் கணினி நிரலில் 'பேய் நீக்கு' என்று ஒரு கட்டமே இருக்கும். அதைத் தட்டினால் கூட்டத்துக்கு ஒவ்வாத கைகால்கள் எல்லாம் போய்ப் படம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். இந்தச் சட்டத்தால் எத்தனையோ பங்காளிச் சண்டை தீர்ந்தது என்கிறார்கள். எத்தனையோ பேர் காணாமலும் போனார்கள். திண்டிவனத்தில் ஒரு கல்யாணப் படத்தில், பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்த பெரியப்பாவை ஒருவர் தவிர எல்லோரும் சௌகரியமாக மறந்திருந்ததால், மனிதர் உயிரோடு இருக்கும்போதே பேயாகிவிட்டார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கை இல்லை. ஒட்டிய படத்தைச் சுவரில் மாட்டித் தினமும் பார்த்தால், மூன்று மாதத்தில் சொந்த நினைவு அதன்மேல் படிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் கண்ணை மூடினாலும் அந்தப் படம்தான் வரும். பெரியப்பாவை நினைவில் வைத்திருந்த அந்த ஒருவருக்கும் இப்போது பெரியப்பா பந்திக்கு வந்தது தெரியாது.

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன்" என்றாள் செவ்வந்தி. "எங்கம்மா அப்பாவோட இருக்க முடியாம வீட்டை விட்டுப் போயி நாலு மாசம் ஆயிருந்துதுங்க. எனக்கு அஞ்சு வயசு, அண்ணனுக்குப் பன்னெண்டு. ஏரிக்கரை மதகுப் படியில மூணு பேரும் உக்காந்திருந்தோம். அப்ப அம்மா வந்தாங்க. கரை வளையுற எடத்துல, தண்ணி ஓரமா, பனைமரத்துக்கிட்ட நின்னாங்க. நான் பார்த்தேன். அண்ணன் என்னைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு."

"யாரும் வரல" என்றார் இளம்பரிதி. குரலில் கோபம் இல்லை. ஆயிரம் முறை சொன்ன களைப்புதான் இருந்தது.

"முப்பது வருஷமா இதையே சொல்லுது. ஓவியா அக்காவும் இல்லங்குது. அம்மா போன ஐப்பசியில நெல்லூர்ல தவறிட்டாங்கன்னு தபால் வந்துது. இனி யாரைக் கேக்கறது? வந்தாங்களா, நான்தான் கனா கண்டேனா, ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும். கனான்னா கனா. இதோட விட்டுடறேன்."

அமலாவுக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிற்று. ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் அவள் கைக்கு மனசு கிடையாது. மூன்று படங்களும் வந்தன. நினைவுப் படம் அசையாப் படம் அல்ல. மூன்று நொடி அசைந்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கும். செவ்வந்தியுடையது ஒரே வெளுப்பு. கரையில் பனைமரத்தருகே புடைவை நிறத்தில் ஒரு தீற்றல் நின்றது, முகமோ கையோ தெரியவில்லை. ஓவியாவுடையதில் அளவான வெளிச்சம், வெறும் கரை, ஓரத்தில் அவள் கையில் பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலம். இளம்பரிதியுடையது இருட்டு. அதிலும் கரை வெறுமையாக இருந்தது. ஆனால் ஏரித் தண்ணீரில் அந்த அந்தியின் நிறங்கள் இருந்தன! மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே பெயர் வைக்காத பத்துப் பதினைந்து நிறம், முப்பது வருடமாக ஒன்றும் வெளிறாமல். அமலா சொக்கிப்போனாள். மூன்றையும் அடுக்கினாள், ஒட்டினாள், சூரியனைச் சுற்றி மெதுவாக நிறத்தை இறக்கினாள். தேநீர் ஆறுவதற்குள் 'பேய் நீக்கு' கட்டத்தையும் தட்டிவிட்டாள். புடைவைத் தீற்றல் போய்விட்டது. சட்டம் அதுதானே என்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைச் சபைக்குக் கொண்டுபோனது, உண்மையைச் சொன்னால், பெருமை பீற்றிக்கொள்ளத்தான்.

ஹபீபுல்லா படத்தைக் கவிழ்த்து வைத்தார். ஏரி மேலே போய் வானமாயிற்று. சூரியன் கீழே தண்ணீரில் கிடந்தது. அறையில் இருந்த எல்லோர் முகத்திலும் ஆரஞ்சு வெளிச்சம் படிந்து, பக்கோடாவைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சிறு அலைகள் மூன்று நொடிக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வந்தன. கொஞ்ச நேரம் பார்த்தால் எது மேல், எது கீழ் என்பதே மறந்துவிடும் போலிருந்தது.

"நிறம் நல்லா இருக்கு" என்றார் ஹபீபுல்லா. அவர் வாயில் இருந்து இது வருவது அபூர்வம். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். "இது யாரு, அமலாம்மா?"

"எது யாரு?"

"இந்தம்மாதான்."

கவிழ்ந்த படத்தில், மேலே போன தண்ணீரில், கரைக்கோட்டின்மேல் ஒரு பெண் நேராக நின்றாள். கறுத்த சிறு உருவம். ஆனால் முந்தானை காற்றில் விலகுவது தெரிந்தது. கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து, விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி மடக்கி விரித்தாள்.

"யாரையோ வா வான்னு கூப்பிடுது" என்றார் ஹபீபுல்லா. பிறகு படத்தை நேராக்கினார். "கரையில ஆள் இல்ல. தண்ணியில ஆள் இருக்கு. பேயை ஓட்டிட்டீங்க, அது தண்ணியில விழுந்ததை விட்டுட்டீங்க."

யாரோ சிரித்தார்கள். அமலா சிரிக்கவில்லை. ஒரு கணத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. தண்ணீர் எப்போதும் அசைவது, மூன்று படத்தில் மூன்று விதமாக இருக்கும். அப்படி மாறுவதை எல்லாம் பேய் என்று பிடித்தால் ஏரியே மிஞ்சாது. அதனால் நிரல் தண்ணீரைத் தொடுவதில்லை. அப்படியானால் அந்த உருவம் மூவரில் ஒருவர் தண்ணீரிலிருந்து வந்திருக்க வேண்டும். செவ்வந்தியின் தண்ணீர் வெறும் வெளுப்பு. இவ்வளவு துல்லியமாக விரல் தெரிகிற தண்ணீர் ஒருவரிடம்தான் இருந்தது.

"சார், நான் கிளம்பறேன்" என்று படத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அன்று பிற்பகலே இளம்பரிதியை வரச்சொன்னாள். அவர் நினைவை அவருக்கு மட்டும்தான் காட்டலாம், அதுவும் சட்டம். திரையில் அவருடைய இருட்டுப் படத்தை நேராகவே வைத்து, தண்ணீரை மட்டும் பெரிதாக்கினாள். தலைகீழாக நின்ற அந்தச் சிறு உருவம் மூன்று நொடிக்கு ஒருமுறை கையை அசைத்தது.

இளம்பரிதி திரையருகே குனிந்தார். பிறகு, "தண்ணியில கூடவா வரும்?" என்றார்.

"நீங்க யாரும் வரலன்னு சொன்னீங்க."

"நான் நிமிந்து பார்க்கலீங்க. வந்துட்டாங்கன்னு பாப்பா கத்துனப்பவே தெரியும். நாலு மாசமா எங்களை விட்டுட்டுப் போனவங்கதானேன்னு அவ்வளவு ஆத்திரம் எனக்கு. நிமிரவே கூடாதுன்னு தண்ணியையே பார்த்துக்கிட்டிருந்தேன். கூப்பிடட்டும், கூப்பிட்டா அழுதுக்கிட்டே ஓடிடலாம்னுதான் உள்ளுக்குள்ள." அவர் வார்னிஷ் விரலால் திரையைத் தொடாமல் சுட்டினார். "பாருங்க. கையைப் பாருங்க. வெரலை மேல மேல விசிறுறாங்க இல்ல? எந்திரிச்சுப் போ, போங்கறாங்க. பெத்த புள்ளைங்களைப் பார்த்து. அதான் பாப்பாவைத் தூக்கிட்டு ஓவியாவை இழுத்துட்டு வந்துட்டேன்."

அந்தக் கையைக் காலையில் கவிழ்த்த படத்தில் அமலா நேராகப் பார்த்திருந்தாள். நாற்பதடி தூரத்தில், சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு, வா, வா, வா என்று கீழ்நோக்கி மடங்கிய விரல்கள். தண்ணீர் அதைக் கவிழ்த்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீம்புக்குத் தலையைக் குனிந்துகொண்டு, கவிழ்ந்ததை அப்படியே படித்துவிட்டான்.

"அம்மா வந்தாங்க, வந்து போன்னு சொன்னாங்கன்னு அஞ்சு வயசுப் புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் இளம்பரிதி. "அதுக்கு வரவே இல்லன்னு சொல்றது எவ்வளவோ மேல். ஓவியா அன்னிக்குக் கடலை தின்னுக்கிட்டிருந்துது, அதுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேர் படத்துல இல்லன்னா எடுத்துடுவீங்க, அதோட இவ மனசும் ஆறிடும்னுதான் நானே கூட்டியாந்தேன். தண்ணியில இருக்கறதையும் எடுத்துடுங்க மேடம். அவ பார்க்க வேணாம்."

அமலா வாயைத் திறந்தாள். 'சார், அது போ இல்ல' என்று நான்கு சொல். நான்கு சொல்லுக்கு இந்த மனிதர் என்ன ஆவார்? முப்பது வருடமாகத் தன்னைத் துரத்திய தாயை மன்னிக்கப் பாடுபட்டவர். இனிமேல் மன்னிக்க வேண்டியது தன்னையே என்று தெரிந்தால்? அவள் வாயை மூடிக்கொண்டாள். "நாளைக்கு உங்க தங்கச்சி வராங்க. பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் செவ்வந்தி தனியாக வந்தாள். பல் மருத்துவரிடம் அரை நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தாள். அமலா தண்ணீரைத் துடைக்கவில்லை. துடைக்கக் கை வரவில்லை. முதல்முறையாக அவள் கைக்கு மனசு முளைத்திருந்தது.

ஒட்டிய படத்தின் முன் செவ்வந்தி நின்றாள். அவள் பார்வை நேராகக் கரை வளைவுக்குப் போனது. பனைமரம், வெறும் கரை. முகம் மெல்ல வாடியது. "சரிங்க" என்றாள். "கனாதான் போலிருக்கு."

"தண்ணியைப் பாரும்மா."

பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று விழுந்தது. ஏரி தன்பாட்டுக்கு மூன்று நொடி அசைந்து மூன்று நொடி அசைந்து கொண்டிருந்தது.

"வந்திருக்காங்க" என்றாள். "அம்மா வந்திருக்காங்க!" பிறகு, கொஞ்சம் கழித்து, சந்தேகமாக, "போகச் சொல்றாங்களா?"

அமலா படத்தைக் கையில் எடுத்துக் கவிழ்த்து நிறுத்தினாள்.

செவ்வந்தி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய வலது கை அவளை அறியாமலே சற்று உயர்ந்து, உள்ளங்கையைக் கீழே வைத்து, விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தது. சரிபார்க்கிறாள் போலும். பிறகு அவள் மெதுவாகத் திரும்பினாள். "இந்தத் தண்ணி யாரோடது?"

"அதை நான் சொல்லக்கூடாது."

"அக்கா கடலை தின்னுக்கிட்டிருந்துது. சந்தோஷமா நினைச்சா வெளுத்துப் போயிடும்னு நீங்கதான் சொன்னீங்க." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அண்ணன் தண்ணியையேதான் பார்த்துக்கிட்டிருந்திருக்கு. நேரா இருந்ததைப் பார்க்கவே இல்ல. போகச் சொல்றாங்கன்னு நெனைச்சுத்தான் வரலன்னு சொல்லியிருக்கு. எனக்காகச் சொல்லியிருக்குங்க. இத்தனை வருஷமும் நான் அதைத் திட்டியிருக்கேன், பொய்யன்னு."

"ம்."

"அம்மா என்ன நெனைச்சிருப்பாங்க? கூப்பிடக் கூப்பிட நாங்க எந்திரிச்சுப் போயிட்டோம். வேண்டாங்குதுங்க போலிருக்குன்னு நெனைச்சிருப்பாங்க. அதான் அப்புறம் வரவே இல்ல."

அமலா தொழில் குரலில் பேசினாள், அதுதான் அவளுக்கு வரும். "இப்ப ரெண்டு பேர் நினைவுல இருக்காங்க. சட்டப்படி அம்மாவைக் கரையில நிறுத்தலாம். தண்ணியில இருக்கறதைத் திருப்பி, உன்னோட படத்துல இருக்கற தீற்றல் மேல வெச்சா முழு உருவமும் வந்துடும். முந்தானை, கை, எல்லாம்."

"கை நேரா வருமா?"

"நேரா வரும்."

"அப்ப வேணாம்" என்றாள் செவ்வந்தி உடனே. "கரையில வைக்காதீங்க. தண்ணியிலயே இருக்கட்டும், இப்படியே. அண்ணன் அதைப் போன்னே நெனைச்சுக்கட்டும். அதுக்குப் பழகிப்போன வலி அது. புதுசா ஒண்ணு எதுக்கு? நான் சொல்லிக்கிறேன் அண்ணன்கிட்ட: அம்மா வந்தாங்க, போன்னுதான் சொன்னாங்க, பரவால்லண்ணே, எனக்கு வருத்தமில்லன்னு."

"மூணு மாசம் பார்த்தா படிஞ்சிடும்மா. உனக்கும் அது போன்னு ஆயிடும்."

"ஆவட்டுங்க. வந்தாங்கல்ல?"

அண்ணன் தங்கைக்காகச் சொன்ன பொய்யை இனித் தங்கை அண்ணனுக்காகச் சொல்லப்போகிறாள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்ற அமலாவுக்கு, எந்த நிரலிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை என்று தோன்றியது. படத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். பேருந்தில் இடிபடாமல் கொண்டுபோகச் சொன்னாள். செவ்வந்தி அதைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

அதன் பிறகு இரண்டு ஞாயிறு அமலா சபைக்குப் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போனபோது ஹபீபுல்லா பக்கோடாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "அந்தத் தண்ணிப் பேயை எடுத்தீங்களா, இல்லையா?"

"எடுக்கல சார்."

"பிழையோடவா கொடுத்தீங்க? நீங்களா?"

அவள் நடந்ததைச் சொன்னாள், பெயர் ஊர் சொல்லாமல். ஹபீபுல்லா கேட்டு முடித்துத் தேநீரை மறந்துபோய்க் கீழே வைத்தார். "அவரு கவுத்துப் பார்க்கமாட்டாருன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார்.

"எல்லாரும் உங்களை மாதிரியா? வீட்டுல மாட்டின படத்தை யாரு சார் கவுத்துப் பார்க்கப் போறாங்க?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கைபேசி அதிர்ந்தது. செவ்வந்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். இளம்பரிதி வீட்டுக் கூடம். நீலச் சுவர், மின்விசிறியின் நிழல், பக்கத்தில் ஒரு நாட்காட்டி. சுவர் நடுவில் வீராணத்து அந்தி. கீழே சில வரிகள்.

'அண்ணனே மாட்டுச்சு. உங்ககிட்ட சொன்ன மாதிரியே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், பரவால்லன்னு. படத்தை மடியில வெச்சுக்கிட்டு இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருந்துது. அப்புறம் எந்திரிச்சு ஆணி அடிச்சுது. அண்ணே, தலைகீழா மாட்டியிருக்கேன்னு சொன்னேன். தெரியும், இருக்கட்டும்னுச்சு. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசல.'

அமலா மறுபடியும் பார்த்தாள். சூரியன் கீழே கிடந்தது. ஏரி மேலே வானமாக விரிந்திருந்தது. அந்த வானத்தில் கரைமேல் ஒரு பெண் நேராக நின்றாள். கைபேசிப் படத்தில் அவள் அசையவில்லை, ஆனால் கை நீண்டிருந்தது, உள்ளங்கை கீழே பார்த்தது. மூன்று மாதத்தில் அது படிந்துவிடும். இளம்பரிதி கண்ணை மூடும்போதெல்லாம் அம்மா அவரைக் கூப்பிடுவாள். அவர் போகாமலே உட்கார்ந்திருப்பார். தெரிந்தேதான் ஆணி அடித்திருக்கிறார்.

"குடுங்க, பார்ப்போம்" என்று ஹபீபுல்லா கைபேசியை வாங்கினார். பார்த்தார். பழக்க தோஷம், அவர் கை அதைக் கவிழ்க்கத் திரும்பியது.

அமலா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சார். இது நேராத்தான் இருக்கு."